பழைய காமிராவும் வீட்டு இருட்டறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



பாட்டுக் கச்சேரிக்கும் நாடகத்திற்கும் இடையே கால் மணி நேரம் ஒழிந்திருக்கின்றது. அதை நிரப்பித் தாருங்கள் என்று செயலாளர் எங்களைப் பணித்தார். இலக்கியம் பேச எங்களினும் தகுதியுடையோர் இவ்வவையில் பலர் உள்ளனர். எங்கள் குடியிருப்பில் வாழும் மூன்று குடும்பத்தாராகிய நாங்கள் சில ஆண்டுகளாகப் பழைய காமிராக்களில் பிலிம் இட்டுப் படம் எடுத்து, அவற்றை எங்கள் வீட்டுக் குளியலறையிலேயே கழுவி வருகின்றோம். அதைப் பற்றியே பேசுவோம். எங்களில் ஒருவர் பேசுகின்றார். மற்ற இருவர் முன்வரிசையில் அமர்ந்து, தவறினால் கையசைத்துத் திருத்துவதாக ஏற்பாடு.

கையில் கைப்பேசி இருக்க இது என்ன வேண்டாத வேலை என்று கேட்போர் உண்டு. எங்கள் இல்லத்தரசியரே முதலில் கேட்டனர். குளியலறையைக் கழுவிய நீர் கறுப்பாக ஓடுவதைக் கண்ட நாளில் சற்று உரத்தே கேட்டனர்.

இது தொடங்கிய கதை இது. எங்களுள் ஒருவர் மத்திய அரசுப் பணியாளர். தில்லியில் பழைய அரசுக் குடியிருப்பு ஒன்றில் முப்பது ஆண்டுகளாக இருந்தவர். சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் முடிவு செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே அமர்ந்திருப்போரில் அவ்வீடுகளில் பிறந்து வளர்ந்தோர் பலர். எங்கள் நண்பர்க்கும் வீட்டைக் காலி செய்யும் நாள் வந்தது. பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியை இறக்கினோம். அதில் அவர் தந்தையாரின் காமிரா ஒன்று பழைய வேட்டித் துண்டில் சுற்றி இருந்தது. அதன் அடியில், மஞ்சள் நிறக் காகித உறை ஒன்றில் நெகடிவ்கள்.

அக்காமிரா அக்பா கிளிக் 3. நம் பெற்றோர் காலத்தில் எத்தனையோ வீடுகளின் முதற் காமிராவாக இருந்தது அதுதான். செருமானியப் பெயர் தாங்கியிருந்தாலும் நம் நாட்டுப் பொருளே. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தார் செய்தது. பரோடா என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகின்றார். 1942 முதல் 1970 வரை இத்தில்லி நகரின் தலைவர்களையும் விழாக்களையும் படமெடுத்த ஓமாய் வியாரவாலா அம்மையார், இந்தியாவின் முதற் பெண் செய்திப் படக்காரர், தம் இறுதிக் காலத்தை அவ்வூரில்தான் கழித்தார். 2011-இல் பத்ம விபூஷண் பெற்று, 2012-இல் மறைந்தார். கிளிக் 3 போன்ற காமிராவை அவர் தொட்டிருக்கமாட்டார். அவருடையவை பெரிய கருவிகள்.

அந்தக் காமிராவிற்கு இட்ட பிலிம் எங்கே ஆனது என்று சொன்னால் உங்களுள் நீலகிரி மாவட்டத்தார் நிமிர்ந்து உட்காருவீர்கள். உதகமண்டலத்தில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலை, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பியது. இந்து என்றால் திங்கள். இருளில் உண்டாகி இருளிலேயே கழுவப்படும் பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான். அவ்வாலை 1990-களில் நலிந்து, பின்னர் மூடப்பட்டது. தில்லிக் குளிரில் ஒரு தமிழர் தம் பிள்ளையைப் படமெடுத்த அந்தச் சுருள், நீலகிரிக் குளிரில் செய்யப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதை எண்ணி எங்களுள் ஒருவர் நெடுநேரம் மகிழ்ந்தார். அவர் கூனூர்க்காரர்.

இனிக் காமிராவைப் பழகும் வகைக்கு வருவோம். உங்கள் பரணில் இல்லையெனில், சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி என்னும் சந்தில் காமிராக் கடைகள் நெருங்கியிருக்கின்றன. அங்கே இரண்டாவது கிளிக் 3 ஒன்றைப் பேரம் பேசி 600 ரூபாய்க்கு வாங்கினோம். வாங்குமுன் பின்மூடியைத் திறந்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, பொத்தானை அழுத்திப் பாருங்கள்; ஒளி ஒரு கணம் மின்னி மறைந்தால் ஷட்டர் உயிரோடு இருக்கின்றது. லென்சில் சிலந்திவலை போல் பூஞ்சை படர்ந்திருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். காமிரா மலிவு, பிலிம்தான் மலிவன்று. 120 என்னும் அளவில் ஒரு சுருளுக்கு இன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகின்றது. அதில் கிடைப்பவை 12 சதுரப் படங்கள். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் எண்பது ரூபாய் போகின்றதே என்ற நினைவு, எங்கள் விரலை நன்றாகவே அடக்கி வைக்கின்றது.

இக்காமிராவில் சரிசெய்வதற்கு ஒன்றுமில்லை. வெயில், மேகம் என்னும் குறிகள் உண்டு; வானைப் பார்த்து ஒன்றைத் திருப்பினால் போதும். அந்நாளைய பிலிம் வேகம் குறைந்தது. அதற்கேற்பச் செய்த காமிரா ஆதலால், இன்று கிடைப்பவற்றுள் 100 அல்லது 125 வேகமுள்ள பிலிமையே இடுங்கள். 400 வேகத்தை இட்டு மே மாத வெயிலில் எடுத்தால் நெகடிவ் கரி பூசினாற்போல் அடர்ந்து போகும். பின்புறத்தில் எண்ணைக் காட்டும் சிவப்புக் கண்ணாடிச் சாளரம் ஒன்றிருக்கும். இக்காலப் பிலிமுக்குச் சிவப்பு ஒளியும் தெரியும். ஆகவே எண்ணைப் பார்க்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதன்மேல் கறுப்பு நாடாவை ஒட்டி வையுங்கள். ஷட்டர் மெதுவானது, ஆகையால் மூச்சை அடக்கி, காமிராவை உடம்போடு சேர்த்துப் பிடித்து அழுத்தவேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது தொலைவு. பத்தடிக்கு அப்பால் உள்ளதே தெளிவாக விழும். முகத்தை நெருங்கிப் பெரிதாக எடுக்க ஆசைப்பட்டு நாங்கள் பாழாக்கிய படங்கள் பல. பத்தடி தள்ளி நின்றாலோ, ஆளோடு சேர்ந்து வாசற்படி, கோலம், துணிக்கொடி, சன்னலில் மாட்டிய கூலர், பக்கத்து வீட்டுச் சைக்கிள் எல்லாம் வந்துவிடும். முதலில் இதை ஒரு குறை என்றே எண்ணினோம்.

பிலிமை வீட்டில் கழுவுவது கடினம் என்று எண்ணவேண்டா. குழம்பு கொதிக்கும் பதம் அறிந்தோர்க்கு இதுவும் கைவரும். தனியே இருட்டறையும் வேண்டுவதில்லை. சுருளைப் பிரித்து வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் இருக்கும் ரீலில் ஏற்றும் சில நிமிடங்கள் மட்டுமே முழு இருட்டு வேண்டும். தில்லி வாழ்க்கை இதற்கு ஒரு வசதி செய்திருக்கின்றது, அதுதான் ரசாய். இரவு பத்து மணிக்குமேல் குளியலறை விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துண்டைச் செருகி, மடிமேல் ரசாயைப் போர்த்து அதனுள் இரு கைகளையும் விட்டு ஏற்றிவிடலாம். முன்னதாக வீணான சுருள் ஒன்றைக் கண் திறந்தபடி பத்து முறையும், கண்ணை மூடியபடி பத்து முறையும் ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள். பிலிம் இருட்டில் சிக்கிக்கொண்டால் அவசரப்பட்டு இழுக்காமல், டப்பாவில் போட்டு மூடிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வியர்த்த கைக்குப் பிலிம் வழங்காது.

டப்பா மூடியபின் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். முதலில் டெவலப்பர். இதை ஆயத்தமாகவும் வாங்கலாம். நாங்கள் திலக் பஜாரில் ரசாயனப் பொருள்களை வாங்கி வீட்டிலேயே கலக்கின்றோம். 1927 முதல் வழங்கிவரும் டி-76 என்னும் கலவை இது: 50 டிகிரிச் சூடுள்ள முக்கால் லிட்டர் நீரில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம் ஆகியவற்றை இதே வரிசையில் கரைத்து, குளிர்ந்த நீர் விட்டு ஒரு லிட்டர் ஆக்கவேண்டும். மெட்டாலைப் போடுமுன் சல்பைட்டில் ஒரு சிட்டிகை இடுவது வழக்கம். கையுறை கட்டாயம், மெட்டால் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். அடுக்களைப் பாத்திரமோ கரண்டியோ இவ்வேலைக்கு வரக்கூடாது. வந்தால் திரும்பி அடுக்களைக்குப் போகக்கூடாது. இவ்விதி எங்கள் வீடுகளில் எழுதாச் சட்டம். ஒருமுறை மீறியதன் பயனாக ஒரு நல்ல எவர்சில்வர் குவளையை இழந்தோம்.

டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கவேண்டும் என்று நூல்கள் சொல்லும். அந்நூல்களை எழுதியோர் தில்லியில் குடியிருந்தவர்கள் அல்லர். ஜனவரியில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் 15 டிகிரிக்கும் கீழே; ஜூனில் அதே குழாயைத் திறந்தால் குளிப்பதற்கே சுடுகின்றது. குளிர்நாளில் வெந்நீர் வாளிக்குள்ளும், கோடையில் பனிக்கட்டி மிதக்கும் வாளிக்குள்ளும் புட்டிகளை நிறுத்தி, வெப்பமானியை வைத்து வழிக்குக் கொண்டுவருகின்றோம். இல்போர்டு எப்.பி. 4 பிலிமை நீர் சேர்க்காத டி-76-இல் 20 டிகிரியில் எட்டரை நிமிடம் வைக்கவேண்டும். 24 டிகிரியானால் ஏறத்தாழ 6 நிமிடம் போதும். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் டப்பாவை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துக. நீர்மங்களின் சூடு ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபடலாகாது. சூட்டிலிருந்து திடீரெனக் குளிருக்குப் போனால் பிலிமின்மேல் உள்ள ஜெலட்டின் சுருங்கி, படம் முழுதும் வெடித்த வயல்போல் ஆகிவிடும். பிறகு நீர் கலந்த வினிகரில் அரை நிமிடம். அதன்பின் ஹைப்போ. ஒளி படாது எஞ்சியிருக்கும் வெள்ளி உப்பை அதுவே கரைத்து நீக்கும். பிலிம் தெளியும் நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் அதில் இருக்கவேண்டும். இந்த உப்பின் குணத்தை 1819-ஆம் ஆண்டிலேயே கண்டவர் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல். வேலை முடிந்த ஹைப்போவில் வெள்ளி இருக்கின்றது. அதைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

இறுதியில் கழுவுதல். காலையும் மாலையும் மட்டுமே நீர் வரும் நம் குடியிருப்பில், அரைமணி நேரம் குழாயைத் திறந்து விடுவது பாவம். டப்பாவில் நீரை நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்றி, மீண்டும் நிரப்பி 10 முறை, பின்னும் நிரப்பி 20 முறை கவிழ்த்து ஊற்றினால் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் வடிகட்டிய குடிநீர். இல்லையேல் உப்புநீர்த் திட்டுகள் படத்தில் தங்கிவிடும். பிலிமைக் குளியலறையிலேயே, கீழ் நுனியில் துணிக் கிளிப்பைக் கனத்திற்கு மாட்டித் தொங்கவிடுங்கள். தில்லிப் புழுதி நுழையாத இடம் வீட்டில் அது ஒன்றே.

இங்கே காப்பியைப் பற்றி ஒரு சொல். 1995-இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில், காப்பியைக் கொண்டே பிலிமைக் கழுவலாம் என்று செய்து காட்டினர். ஒரு லிட்டர் நீருக்கு நீர்ச்சத்தற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், உடனடிக் காப்பித்தூள் 40 கிராம். 20 டிகிரியில் 15 நிமிடம். வேலை செய்வது காப்பியின் கபீன் அன்று. அதிலுள்ள காபிக் அமிலம். இதைக் கேள்வியுற்ற எங்கள் வீட்டு மாமி ஒருவர், "காப்பித்தூளில் சோடாவைக் கொட்டுவதா? கும்பகோணத்தில் சொல்லிவிடாதீர்கள்" என்றார். பில்டர் டிகாக்ஷனைப் பாழாக்க எவர்க்கும் மனம் வரவில்லை. சிக்கரி கலவாத மலிவான உடனடித் தூளையே வாங்கினோம். படங்கள் நன்றாகவே வந்தன. நாற்றம் மட்டும் இரண்டு நாள் போகவில்லை; அந்த இரண்டு நாளும் வீட்டில் எவரும் காப்பி குடிக்கவில்லை.

இப்போது எங்கள் பெருந்தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். காமிராவுக்கு உரியவரான நண்பரின் தாயார், எங்கள் எல்லார்க்கும் ஆச்சி, திருநெல்வேலிப் பக்கத்தவர். வீட்டைக் காலி செய்யுமுன் 2018-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, வாசலில் ஆச்சியை அமர்த்தி அவர் கணவரின் காமிராவாலேயே ஒரு சுருள் முழுவதும் எடுத்தோம். அன்றிரவே கழுவினோம். டெவலப்பரும் ஹைப்போவும் ஒரே மாதிரிப் பழுப்புப் புட்டிகளில் இருந்தன, சீட்டு ஒட்டவில்லை. எங்களுக்குத் தெரியாதா என்ற இறுமாப்பு. டப்பாவைத் திறந்து பிலிமை எடுத்தோம், கண்ணாடிபோல் இருந்தது. ஓரத்தில் ஆலையார் அச்சிடும் எண்களும் எழுத்துகளும் கூட இல்லை. எண்கள் இருந்து படம் இல்லையெனில் தவறு காமிராவில். எண்களும் இல்லையெனில் தவறு கழுவியவர் கையில். நாங்கள் ஹைப்போவை முதலில் ஊற்றியிருந்தோம்.

மறுநாள் காலை மூவரும் ஆச்சியின் முன்னே போய் நின்றோம். அவர் சற்றும் கலங்கவில்லை. "என் மூஞ்சி அழிஞ்சு போச்சாக்கும்? போகட்டும்யா. அன்னிக்குப் பழைய சேலையில்ல கட்டியிருந்தேன்!" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூடுபனி. மேகக் குறியில் திருப்பிவைத்து, பத்தடி தள்ளி நின்றோம். நல்ல சேலை உடுத்தி வந்த ஆச்சிக்குச் சும்மா அமர்ந்திருக்க முடியவில்லை; முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார். அன்று எடுத்த 12 படங்களில் மூன்று அசைந்துவிட்டன. ஒன்றில் எங்கள் விரல். ஐந்தில் ஆச்சியின் முகம் முறத்துக்குள். கடைசியில் தேறியவை மூன்று. அவற்றுள் ஒன்றில் ஆச்சி நிமிர்ந்து எங்களைப் பார்க்கின்றார். பின்னால் அவ்வீட்டின் வாசற்படி, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், சுவரில் ஆணியடித்து மாட்டிய பால் பை, கதவில் சாக்பீசால் பேரப்பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள். பத்தடி தள்ளி நிற்கவேண்டியிராவிட்டால் அக்கோடுகள் படத்தில் விழுந்திரா.

அவ்வாண்டே வீடு காலியாகி, இடிக்கப்பட்டது. ஆச்சி 2020-ஆம் ஆண்டில் காலமானார். அதே ஞாயிறன்று கைப்பேசியிலும் நாற்பது படங்களுக்குக் குறையாமல் எடுத்தோம் என்பதை மறைக்கமாட்டோம். அக்கைப்பேசி பழுதாகி மாற்றப்பட்டபோது எவரும் அவற்றைப் பிரதி எடுத்து வைக்கவில்லை. உறவினர் குழுவில் மூன்று மட்டும் சுருங்கிய வடிவில் கிடைத்தன. அவற்றிலும் ஆச்சியின் முகம் நன்றாகவே இருக்கின்றது. கதவு இல்லை.

பரணிலிருந்து வந்த மஞ்சள் உறையைப் பற்றிச் சொல்லாது விட்டோம். நெகடிவைக் காகிதத்தின்மேல் நேரே வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலிருந்து விளக்கைச் சில நொடி ஏற்றி அணைத்தால் அதே அளவில் படம் கிடைக்கும். காகிதத்திற்குச் சிவப்பு விளக்கு தீங்கு செய்யாது. ஆதலால் இரவில் அடுக்களை மேடையிலேயே செய்யலாம், அடுக்களைக்கு உரியவர் அனுமதித்தால். நம் பழைய ஆல்பங்களில் நான்கு மூலைகளில் காகிதக் கோணம் வைத்து ஒட்டிய சிறு சதுரப் படங்களில் பல இவ்வாறு அச்சிடப்பட்டவையே. அந்த உறையிலிருந்த நெகடிவ்களை நாங்கள் அச்சிட்டபோது, இளம் மனைவியாக ஆச்சி அதே வாசற்படியில், அதே கதவின்முன் நிற்கும் படம் ஒன்று தட்டில் மெல்ல மெல்லத் தோன்றியது. கதவில் கோடுகள் இல்லை. நண்பர் சிவப்பு விளக்கடியில் நெடுநேரம் பேசாமல் நின்றார். காகிதத்தை ஹைப்போவுக்கு மாற்றவேண்டும் என்பதை நாங்கள்தான் நினைவூட்டினோம். இரண்டு படங்களையும் இம்மண்டபத்தின் வலப்புறப் பலகையில் அடுத்தடுத்து மாட்டியிருக்கின்றோம்.

வீடு மாறும்போது நம்மவர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, நெகடிவ் உறையைக் கழிவுக் காகிதக்காரரிடம் போட்டுவிடுகின்றனர். தயவுசெய்து போடாதீர்கள். உறையைத் திறந்தால் புளித்த வாடை வருமாயின் அந்தப் பிலிம் கெடத் தொடங்கியிருக்கின்றது. அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள், முதலில் அதை அச்சிடுவோம். மற்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காகித உறையிலேயே, அலமாரியின் நடுத்தட்டில், கூலரின் ஈரமும் கோடையின் சூடும் தாக்காத இடத்தில் வைத்திருங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகின்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எங்களில் கூனூர்க்காரர் வீட்டில் ஒரு சுருளைக் கழுவ இருக்கின்றோம். காண விரும்புவோர் வரலாம்; சிறுவர்களும் வரலாம், புட்டிகளைத் தொடாதிருந்தால். புட்டிகளில் இப்போது சீட்டு ஒட்டியிருக்கின்றோம். இதோ இந்தக் காமிராவில் இன்னும் நான்கு படங்கள் எஞ்சியிருக்கின்றன. நாடகத்திற்குமுன் முன்வரிசையில் உள்ள பெரியோர்கள் ஒரு நிமிடம் அசையாது அமர்ந்திருந்தால், பத்தடி தள்ளி நின்று ஒன்றை எடுத்துக்கொள்கின்றோம்.